புது லேப்டாப்பில் போர்ட் குறைந்துவிட்டதா? வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் செய்ய வேண்டியவை

எட்டு வருடம் உழைத்த என் பழைய லேப்டாப் ஒரு நாள் திடீரென்று நின்றுவிட்டது. அவசரமாகப் புதியது ஒன்றை வாங்கினேன். பிராசசர், ரேம், எடை, பேட்டரி எல்லாம் பார்த்தேன். பக்கவாட்டில் என்னென்ன போர்ட் இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. நான்காம் நாள் ஒரு பயிற்சி வகுப்பு எடுக்கப் போனேன். முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், மேசைமேல் புரொஜெக்டரின் எச்டிஎம்ஐ கேபிள் கிடக்கிறது, அதைச் செருக லேப்டாப்பில் இடமே இல்லை. இடப்பக்கம் ஒரு யுஎஸ்பி-சி, வலப்பக்கம் ஒரு யுஎஸ்பி-சி, ஒரு ஹெட்போன் துளை. அவ்வளவுதான்.

ஒருவர் தன் பையிலிருந்து அடாப்டர் எடுத்துக் கொடுத்தார். இடப்பக்கம் சார்ஜர் இருந்ததால் வலப்பக்கம் செருகினேன். படம் வரவில்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டபோது மறுமுனையில் இருந்தவர், "சார், அந்த போர்ட்டில் டேட்டா மட்டும்தான் போகும், டிஸ்ப்ளே வராது" என்றார். பார்க்க இரண்டும் அச்சு அசலாக ஒரே துளை. அன்றைக்கு வகுப்பைப் பலகையில் எழுதியே முடித்தேன்.

அதன்பின் மூன்று வாரத்தில் நான்கு அடாப்டர் வாங்கினேன், இரண்டைத் திருப்பி அனுப்பினேன், ஒன்று மேசை டிராயரில் பயனில்லாமல் கிடக்கிறது. இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் நான்காம் படியிலிருந்து படியுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு இன்னும் முடியவில்லை என்றால் முதலில் ஆறாம் படிக்குப் போங்கள்.

1. உங்கள் கேபிள்களை மேசைமேல் பரப்பி எண்ணுங்கள்

கடைக்கோ இணையத்துக்கோ போவதற்கு முன் இதைச் செய்யுங்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் உங்கள் லேப்டாப்பில் செருகும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வையுங்கள். தினமும் செருகுவது எளிதில் நினைவுக்கு வந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகுவதுதான் காலை வாரும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பிரிண்டர், பழைய ஹார்ட் டிஸ்க், கேமராவின் மெமரி கார்டு, ரவுட்டரை அமைக்க உதவும் நெட்வொர்க் கேபிள், டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ, மைக், பார்கோடு ஸ்கேனர் இதெல்லாம் அந்த வகை.

ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதுங்கள்: கருவி என்ன, லேப்டாப் பக்கத்து முனை என்ன, கருவிப் பக்கத்து முனை என்ன, எவ்வளவு அடிக்கடி தேவை. அப்புறம் ஐந்தாவதாக, எது எதெல்லாம் ஒரே நேரத்தில் செருகியிருக்கும் என்று குறியுங்கள். இந்த ஐந்தாவது வரிதான் முக்கியம். எனக்குப் பத்துக் கருவிகள் இருந்தாலும் ஒரே சமயத்தில் தேவைப்படுவது சார்ஜர், திரை, மவுஸ், மைக் என்று நான்குதான். அந்த எண்ணிக்கை தெரிந்தால் எத்தனை போர்ட் வேண்டும் என்பதும், ஒரு போர்ட்டைப் பல துளைகளாகப் பிரித்துத் தரும் ஹப் தேவையா, ஒற்றை அடாப்டர் போதுமா என்பதும் தெளிவாகிவிடும்.

சார்ஜரையும் மறக்காமல் எண்ணுங்கள். யுஎஸ்பி-சி வழியாகவே சார்ஜ் ஆகும் லேப்டாப்பில் "இரண்டு போர்ட்" என்றால், மின்சாரத்தில் இருக்கும்போது உங்களுக்கு மிஞ்சுவது ஒன்றுதான்.

2. விளம்பரப் பக்கத்தை விடுங்கள், விவரத்தாளைப் படியுங்கள்

விளம்பரத்தில் "பல்பயன் யுஎஸ்பி-சி" என்று அழகாக எழுதியிருப்பார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தயாரிப்பாளர்கள் தங்கள் பல மாடல்களுக்குத் தனியாக ஒரு தொழில்நுட்ப விவரத்தாள் வெளியிடுகிறார்கள். லெனோவாவில் அதற்கு பிஎஸ்ரெஃப் என்று பெயர், எச்பியில் குவிக்ஸ்பெக்ஸ். ஆப்பிள் ஒவ்வொரு மாடலுக்கும் தொழில்நுட்ப விவரப் பக்கம் வைத்திருக்கிறது. மாடல் பெயரோடு முழு மாடல் எண்ணையும் வைத்துத் தேடுங்கள். ஒரே பெயரில் விற்கும் லேப்டாப்பிலேயே பிராசசரைப் பொறுத்து போர்ட் மாறும். நான் வாங்கியதன் விலை கூடிய வகையில் இரண்டு போர்ட்டிலும் படம் வரும், என்னுடையதில் ஒன்றில்தான். பெயர் ஒன்றே.

விவரத்தாளில் ஒவ்வொரு யுஎஸ்பி-சி போர்ட்டுக்கும் மூன்று கேள்விக்குப் பதில் தேடுங்கள்.

படம் வருமா? "டிஸ்ப்ளேபோர்ட்" என்ற சொல் அந்த போர்ட்டின் வரியிலேயே இருக்க வேண்டும். தண்டர்போல்ட் (சி துளையிலேயே வரும் அதிவேக இணைப்பு முறை) 3, 4 என்றோ, லேப்டாப்பில் யுஎஸ்பி4 என்றோ இருந்தால் படம் வரும். "யுஎஸ்பி 3.2 ஜென் 1" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தால் படம் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜ் ஆகுமா? "பவர் டெலிவரி" என்ற சொல்லைத் தேடுங்கள். பக்கத்தில் எத்தனை வாட் என்று இருந்தால் இன்னும் நல்லது.

வேகம் என்ன? யுஎஸ்பி 2.0 என்றால் நொடிக்கு 480 மெகாபிட். யுஎஸ்பி 3.2 ஜென் 1 என்றால் 5 ஜிகாபிட், ஜென் 2 என்றால் 10. தண்டர்போல்ட் 3, 4 இரண்டும் 40. துளையின் வடிவத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஐபோன் 15-ல் இருப்பதும் யுஎஸ்பி-சி துளைதான், ஆனால் அதில் தரவு யுஎஸ்பி 2.0 வேகத்தில்தான் போகிறது. லேப்டாப்பிலும் இதே கதைதான்.

லேப்டாப்பை நேரில் பார்க்க முடிந்தால் போர்ட்டின் பக்கத்தில் உள்ள சின்னத்தைப் பாருங்கள். உலோகத்தின் நிறத்திலேயே பொறித்திருப்பார்கள், நேராகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். மின்னல் குறி இருந்தால் பெரும்பாலும் தண்டர்போல்ட். 'டி' எழுத்துக்குள் 'பி' இருப்பதுபோல் ஒரு குறி இருந்தால் படம் வரும். பேட்டரி அல்லது பிளக் குறி இருந்தால் சார்ஜ் ஆகும். குறி இல்லை என்பதால் வசதி இல்லை என்று அர்த்தமில்லை. அதற்கு விவரத்தாள்தான் சாட்சி.

விவரத்தாளைப் பிடிஎஃப்பாக இறக்கி வையுங்கள். விற்பனைப் பக்கத்தையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாங்கிய பிறகு அந்தப் பக்கம் மாறலாம், காணாமலும் போகலாம். பின்னால் பேச்சு வந்தால் உங்கள் கையில் இருக்கப் போகும் ஆவணம் இதுதான்.

3. ஹப்பின் விலையையும் லேப்டாப்பின் விலையோடு கூட்டிப் பாருங்கள்

போர்ட்டை எடுத்துவிட்டு "மெல்லியது, எடை குறைவு" என்கிறார்கள். நீங்கள் தனியாக வாங்கிச் சுமக்கும் ஹப்பின் விலையும் எடையும் அந்த விளம்பரத்தில் வராது. எனக்கு மிகவும் கோபம் வந்த இடம் இதுதான். அதனால் இரண்டு லேப்டாப்பை ஒப்பிடும்போது, போர்ட் குறைவாக உள்ள மாடலின் விலையோடு தேவையான அடாப்டர்களின் விலையையும் சேர்த்து எழுதுங்கள். சில சமயம் கொஞ்சம் தடித்த, எச்டிஎம்ஐயும், பென் டிரைவ் செருகும் பழைய செவ்வகத் துளையான யுஎஸ்பி-ஏயும் உள்ள மாடலே மொத்தத்தில் மலிவாக வரும். அலுவலகப் பயன்பாட்டுக்கென்று வரும் வரிசைகளில் எச்டிஎம்ஐ, யுஎஸ்பி-ஏ, சிலவற்றில் நெட்வொர்க் போர்ட்கூட இன்னும் இருக்கின்றன. ஃப்ரேம்வொர்க் நிறுவனம் 2021 முதல் விற்கும் லேப்டாப்பில் போர்ட்டுகளே கழற்றி மாட்டும் சிறு அட்டைகளாக வருகின்றன. எச்டிஎம்ஐ வேண்டுமா, யுஎஸ்பி-ஏ வேண்டுமா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம்.

போர்ட் குறைந்த மாடல்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், உடனே ஹப் பக்கம் போகாதீர்கள். முதலில் கேபிளை மாற்ற முடியுமா என்று பாருங்கள். இதை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் பாதிச் செலவு மிச்சமாகியிருக்கும். பிரிண்டரின் பின்புறம் சதுரமான துளை இருக்கிறதல்லவா, அதற்கு ஒரு முனையில் யுஎஸ்பி-சி (இனிச் சுருக்கமாக சி) உள்ள கேபிள் கிடைக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கின் தட்டையான அகல முனைக்கும் கிடைக்கிறது. ஒரு முனை சி, மறுமுனை எச்டிஎம்ஐ என்று திரைக்கும் கிடைக்கிறது. அடாப்டர் தொங்காது, தொலையாது, ஹப்பை விட மலிவு. நிரந்தரமாக ஒரே இடத்தில் இருக்கும் கருவிகளுக்கு இதுதான் சரி.

ஒரே ஒரு எச்சரிக்கை. சி-யிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் ஒருவழிப் பாதை. லேப்டாப்பிலிருந்து திரைக்குப் படம் போகும். எச்டிஎம்ஐ தரும் கருவியிலிருந்து சி உள்ள மானிட்டருக்கு அதே கேபிளைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது.

4. ஹப் வாங்குகிறீர்களா? இந்தப் பொறிகளைத் தாண்டுங்கள்

நான் அதிகம் பணம் விட்டது இங்கேதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் பொறி, "4கே" என்ற சொல். பெட்டியின் முகப்பில் 4கே என்று பெரிதாக இருக்கும், பின்புறம் சிறிய எழுத்தில் 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். 30 ஹெர்ட்ஸ் என்றால் திரை நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கிறது. அதில் மவுஸை நகர்த்திப் பாருங்கள், அம்பு விட்டு விட்டுத் தாவும். இரண்டு மணி நேரம் வேலை செய்தால் கண் வலிக்கும். 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாக எழுதியிருப்பதை வாங்குங்கள்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. யுஎஸ்பி-சி கேபிளுக்குள் அதிவேகப் பாதைகள் நான்கு இருக்கின்றன. சாதாரண ஹப் அதில் இரண்டைப் படத்துக்கும் இரண்டைத் தரவுக்கும் பிரிக்கிறது. இரண்டு பாதையில் 4கே 60 ஹெர்ட்ஸ் படம் போக வேண்டுமென்றால், லேப்டாப் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 தர வேண்டும். 1.2 மட்டும் தரும் லேப்டாப்பில் அதே ஹப் 30-க்கு இறங்கிவிடும். சில ஹப்புகள் நான்கு பாதையையும் படத்துக்கே கொடுத்துவிட்டு, யுஎஸ்பி துளைகளை 2.0 வேகத்துக்குத் தள்ளிவிடும். அதாவது ஹப்பின் திறமை மட்டும் போதாது, லேப்டாப்பின் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பும் வேண்டும். அதையும் விவரத்தாளில் பாருங்கள். உங்கள் திரை 1080 வரிசைதான் என்றால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

இரண்டாவது, சார்ஜ். ஹப்பின் வழியாக லேப்டாப்பைச் சார்ஜ் செய்யும்போது, ஹப் தன் தேவைக்கென்று 10 முதல் 15 வாட் வரை எடுத்துவைத்துக்கொள்ளும். 65 வாட் சார்ஜர் செருகினால் லேப்டாப்புக்கு 50 வாட் சொச்சம்தான் போகும். சில லேப்டாப்புகள் "மெதுவான சார்ஜர்" என்று எச்சரிக்கை காட்டுவது இதனால்தான். கனமான வேலை செய்பவர்கள் ஒரு படி பெரிய சார்ஜரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இரட்டைத் திரை. மேக்ஓஎஸ் ஒரே யுஎஸ்பி-சி இணைப்பில் இரண்டு தனித்தனித் திரைகளைப் பிரித்துத் தரும் எம்எஸ்டி முறையை ஏற்பதில்லை. இரண்டு எச்டிஎம்ஐ உள்ள சாதாரண ஹப்பை மேக்கில் செருகினால் இரண்டு திரையிலும் ஒரே படம்தான் வரும். அடிப்படை எம்1, எம்2 சில்லு உள்ள மேக்புக்குகள் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் தாங்கும். அதைத் தாண்ட வேண்டுமென்றால் படத்தை மென்பொருள் வழியாக யுஎஸ்பி தரவாக மாற்றி அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் தொழில்நுட்பம் உள்ள டாக் (பெரிய ஹப்) வாங்கி, தனி மென்பொருள் நிறுவ வேண்டும். ஆவணம், அட்டவணை போன்ற வேலைகளுக்கு அது போதும். வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் மென்பொருள் நிறுவ அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது பொறியில் நான் மூன்று நாள் சிக்கியிருந்தேன். வயர்லெஸ் மவுஸின் சிறிய ரிசீவரை ஹப்பில் செருகினேன். மவுஸ் நின்று நின்று ஓடியது. பேட்டரி மாற்றினேன், டிரைவர் மாற்றினேன், கடைசியில் மவுஸையே மாற்றினேன். குறை மவுஸில் இல்லை. யுஎஸ்பி 3 இணைப்பில் தரவு ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி விரிவாக அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ரிசீவருக்குப் பக்கத்துத் துளையில் ஹார்ட் டிஸ்க் ஓடினால் மவுஸ் தடுமாறும், சில சமயம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையும் மெதுவாகும். பழைய யுஎஸ்பி-ஏ நீட்டிப்புக் கேபிள் ஒன்றில் ரிசீவரைச் செருகி ஹப்பிலிருந்து அரை அடி தள்ளி வைத்தேன். அந்த நிமிடமே சரியாகிவிட்டது. புளூடூத் மவுஸும் அதே 2.4 அலைவரிசையில்தான் ஓடுகிறது, ஆனால் அதன் ரிசீவர் லேப்டாப்புக்குள் ஹப்பிலிருந்து தள்ளி இருப்பதால் பாதிப்பு குறைவு.

நெட்வொர்க் துளை உள்ள ஹப் என்றால் அது 1 ஜிகாபிட்டா 100 மெகாபிட்டா என்று பாருங்கள். மலிவானவற்றில் 100 தான் இருக்கும். அலுவலக நெட்வொர்க்கில் கருவியின் முகவரியைப் பதிவு செய்துதான் இணைப்புத் தருவார்கள் என்றால், ஹப்பை மாற்றும்போது அந்த முகவரியும் மாறலாம். தகவல் தொழில்நுட்பப் பிரிவில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் வேலை போய்விடும்.

ஹெட்போன் துளையும் இல்லாத லேப்டாப் என்றால், சி-யிலிருந்து 3.5 மிமீக்கு மாற்றும் அடாப்டர் இரண்டு வகை. உள்ளே சிறிய ஒலிச் சில்லு இருப்பது ஒன்று, வெறும் கம்பி மட்டும் இருப்பது இன்னொன்று. பெரும்பாலான லேப்டாப்புகளில் சில்லு உள்ளதுதான் வேலை செய்யும். பெட்டியில் "டிஏசி" என்று இருக்கிறதா பாருங்கள்.

ஹப் சூடாவது இயல்பு. கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

5. கேபிளையும் நம்பாதீர்கள்

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சி கேபிளில் ஒன்று நொடிக்கு 480 மெகாபிட், இன்னொன்று 40 ஜிகாபிட் கடத்தும். போனோடும் சார்ஜரோடும் வரும் கேபிள்களில் பல யுஎஸ்பி 2.0 வேகம் மட்டுமே உள்ளவை. அவற்றில் படம் வராது, ஹார்ட் டிஸ்க் ஊர்ந்துதான் போகும். 60 வாட்டுக்கு மேல் மின்சாரம் கடத்த, தன் திறனைச் சொல்லும் சிறு சில்லு கேபிளுக்குள் இருக்க வேண்டும். அது இல்லாத கேபிளில் 100 வாட் சார்ஜர் செருகினாலும் 60-ஐத் தாண்டாது.

வாங்கியதும் ஒவ்வொரு கேபிளின் முனையிலும் சிறிய தாள் ஒட்டி, வேகமும் வாட்டும் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. சி முனைக்கு நீட்டிப்புக் கேபிள் விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள். யுஎஸ்பி-சி விதிமுறையில் அப்படி ஒன்றுக்கு இடமே இல்லை.

6. ரசீது, பெட்டி, கெடு

லேப்டாப்புக்கும் ஹப்புக்கும் திருப்பிக் கொடுக்கும் கெடு தனித்தனி. வாங்கிய அன்றே இரண்டு தேதிகளையும் போன் காலண்டரில் போடுங்கள், கெடு முடிய மூன்று நாள் முன்பு நினைவூட்டல் வையுங்கள். கெடு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது, ஆர்டர் போட்ட நாளா கையில் கிடைத்த நாளா, என்று விதியில் படித்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் பெட்டியைப் பிரித்தால் திரும்ப வாங்க மாட்டார்கள், சில இடங்களில் பழுது இருந்தால் மட்டும் மாற்றித் தருவார்கள். "போர்ட் போதவில்லை" என்பது பழுது ஆகாது. "விவரத்தாளில் சொன்ன போர்ட் அப்படி வேலை செய்யவில்லை" என்பது பழுது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் உங்கள் பணம் திரும்ப வருவதும் வராததும் இருக்கிறது.

வைத்திருக்க வேண்டியவை: ரசீது, சீரியல் எண் தெரியும் பெட்டிப் பக்கத்தின் படம், விவரத்தாளின் பிடிஎஃப், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், சேவை மையத்தோடு பேசிய தேதியும் புகார் எண்ணும். போனில் பேசினால் போதாது. பேசி முடித்ததும் "இன்று நீங்கள் சொன்னது இது" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை பழைய லேப்டாப்பை விற்காதீர்கள், பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள்.

7. முதல் நாளே எல்லாவற்றையும் செருகிப் பாருங்கள்

அரை நாள் ஒதுக்குங்கள். முதலில் இயங்குதளத்தையும் தயாரிப்பாளர் தரும் பயாஸ், ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்புகளையும் போட்டுவிடுங்கள். போர்ட் சரியாக வேலை செய்யாத சில குறைகள் அதிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் முதல் படியில் எழுதிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகப் போங்கள்.

ஒவ்வொரு சி போர்ட்டிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். முனையைத் திருப்பியும் செருகுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வேலை செய்ய வேண்டும், ஒரு பக்கம் மட்டும் செய்தால் அது பழுது. அடுத்து ஒவ்வொன்றிலும் திரையைச் செருகி, அமைப்புகளில் எத்தனை ஹெர்ட்ஸ் காட்டுகிறது என்று பாருங்கள். விண்டோஸில் டிஸ்ப்ளே அமைப்புகளுக்குள் மேம்பட்ட டிஸ்ப்ளே பகுதியில் இது இருக்கும்.

வேகத்துக்கு ஒரு எளிய சோதனை: 10 ஜிகாபைட் அளவுள்ள ஒரு கோப்பை வெளி எஸ்எஸ்டியில் நகலெடுங்கள். 5 ஜிகாபிட் இணைப்பு என்றால் அரை நிமிடம்போல் ஆகும். நான்கு நிமிடத்தைத் தாண்டினால் எங்கோ யுஎஸ்பி 2.0-க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு ஹப்பை நீக்கி நேராகச் செருகுங்கள், அப்புறம்தான் லேப்டாப்பைச் சந்தேகப்படுங்கள். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இந்தச் சோதனை செய்யாதீர்கள், அது இயல்பாகவே மெதுவானது.

கடைசியாக, சார்ஜர், திரை, மவுஸ், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் ஒன்றாகச் செருகி ஒரு மணி நேரம் வேலை செய்யுங்கள். தனித்தனியாக ஓடுவது சேர்ந்து ஓடாமல் போகலாம். ஹார்ட் டிஸ்க் "டக், டக்" என்று சத்தமிட்டு நின்று நின்று வந்தால் பெரும்பாலும் ஹப்பில் மின்சாரம் போதவில்லை. சார்ஜர் செருகக்கூடிய ஹப்பாகவே பார்த்து வாங்குவது இதற்காகத்தான்.

8. பழைய கருவிகள் வைத்திருப்பவர்களுக்கு

மினி டிவி கேசட்டில் குடும்ப வீடியோ வைத்திருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கேமராக்களின் ஃபயர்வயர் போர்ட் லேப்டாப்புகளில் இருந்து போய் வெகுகாலம் ஆகிறது. ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யுஎஸ்பி என்று மலிவாக ஒரு கேபிள் விற்கிறார்கள். வீடியோ எடுக்க அது உதவவே உதவாது, இரண்டும் முற்றிலும் வேறு மொழி பேசுபவை. மேக்கில் தண்டர்போல்ட் அடாப்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் செய்துவந்தார்கள். மேக்ஓஎஸ் 26-ல் ஃபயர்வயர் ஆதரவையே ஆப்பிள் எடுத்துவிட்டது. அதனால் ஃபயர்வயர் உள்ள பழைய கணினி யாரிடமாவது இருந்தால், அதைப் புதுப்பிக்காமல் வைத்து, கேசட்டுகளை முதலில் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுங்கள். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அதற்கு வேகவழி கிடையாது. இருபது கேசட் இருந்தால் எத்தனை வாரயிறுதி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தொழிற்கருவிகளுக்கு சீரியல் போர்ட் தேவைப்படுபவர்கள் யுஎஸ்பி மாற்றியின் உள்ளே என்ன சில்லு என்று கேட்டு வாங்குங்கள். ப்ரோலிஃபிக் சில்லின் போலிகளையும் சில பழைய பதிப்புகளையும் புதிய விண்டோஸ் டிரைவர் ஏற்பதில்லை. எஃப்டிடிஐ சில்லு உள்ளது விலை கூட, ஆனால் தொல்லை குறைவு. விஜிஏ புரொஜெக்டருக்கு சி-யிலிருந்து விஜிஏ அடாப்டர் எளிதாகக் கிடைக்கிறது.

9. தயாரிப்பாளருக்கு எழுதுங்கள்

எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள். ஆப்பிள் 2016-ல் மேக்புக் ப்ரோவில் இருந்து எச்டிஎம்ஐ, மெமரி கார்டு துளை, காந்தத்தால் ஒட்டும் மேக்சேஃப் சார்ஜர் துளை மூன்றையும் எடுத்தது. பயன்படுத்துபவர்கள் ஐந்து வருடம் விடாமல் குறை சொன்னார்கள். 2021-ல் வந்த 14, 16 அங்குல மாடல்களில் மூன்றும் திரும்ப வந்தன. டெல் 2022-ல் எக்ஸ்பிஎஸ் 13 பிளஸ் மாடலில் ஹெட்போன் துளையை எடுத்தபோது, அதற்கான அடாப்டரையும் யுஎஸ்பி-ஏ அடாப்டரையும் பெட்டிக்குள்ளேயே வைத்தது. குறைந்தபட்சம் அதையாவது எல்லாரிடமும் கேட்கலாம்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். மாடல் எண், சீரியல் எண், வாங்கிய தேதி, எந்த போர்ட் இல்லாததால் எந்த வேலை நின்றது, அதற்குத் தனியாக என்ன வாங்க வேண்டியிருந்தது. பிறகு கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள்: ஒவ்வொரு போர்ட்டின் திறனையும் விற்பனைப் பக்கத்திலும் லேப்டாப்பின் உடலிலும் எழுத வேண்டும், அல்லது அடாப்டரைப் பெட்டியில் தர வேண்டும். திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்றால் காரணம் கேட்கும் இடத்தில் "வேறு" என்று தட்டிவிட்டுப் போகாமல் "எச்டிஎம்ஐ இல்லை" என்றே எழுதுங்கள்.

நான் எழுதிய கடிதத்துக்குப் பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. வடிவமைப்புப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று இரண்டு வரி. 30 ஹெர்ட்ஸ் ஹப்பை விற்றவர்கள், பெட்டி முகப்பின் படத்தையும் பின்புறத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியதும் முழுப் பணத்தையும் திருப்பித் தந்தார்கள். இப்போது என் லேப்டாப்பின் இடப்பக்க போர்ட்டுக்குப் பக்கத்தில் வெள்ளை ஸ்டிக்கரில் "திரை இங்கே" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். வகுப்பெடுக்கப் போகும் பையில் சி–எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று எப்போதும் இருக்கிறது.